எரிந்த கோட்டு

முப்பத்தோராம் பாகத்தில் அந்தக் கோட்டு எரிந்தது.
ஸெலாமியின் தாயே அதை அடுப்பில் திணித்தாள்.
பொத்தான் உருகுவதைக்கூடக் காட்டினார்கள்.
ஐம்பத்தெட்டில், நெவ்ரா
அதே கோட்டின் உள்பையிலிருந்து கடிதத்தை எடுக்கிறாள்.

"யார் காதில் பூச்சுற்றுகிறான்?" என்கிறாள் யாஸ்னா,
கத்தி முனையால் ஓட்டிலிருந்து சதையைச் சுரண்டியபடி.

கெல்லோனில் விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
தகரக் கூரையில் மழை.
ஆவியில் வெந்து வாய்திறந்த சிப்பிகள்
பெல்ட்டில் வந்துகொண்டே இருக்கின்றன.
இருபுறமும் பதினாறு பெண்கள்,
வெள்ளை ரப்பர் பூட்ஸ், தலையில் வலைத்தொப்பி.
கடைசியில், தராசருகே, நான்.
யார் எத்தனை கிலோ என்று எழுதுவது என் வேலை.
கோட்டு எரிந்ததா இல்லையா என்ற வழக்கில்
ஒன்பது நாளாக, நாளுக்கு நாற்பது கிலோ குறைகிறது.
கடல் சரியில்லை என்று
மேலாளரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

"இஸ்தான்புல்லில் குளிர் அதிகம்," என்கிறாள் எலியானா,
"ஒரே மாதிரி இரண்டு கோட்டு வைத்திருக்க மாட்டானா?"
"கடன்காரன். செருப்புக்கே வழியில்லை. இருபதாம் பாகம் பார்."
"தையற்காரி தங்கை இருக்கிறாளே."
"அவள் அப்போது கோமாவில்."
"சரி, தாய் ஏன் எரித்தாள்? கடிதத்தைப் படித்திருக்கலாமே?"
"எழுத்து தெரியாதவள்."
"அப்படியானால் நாற்பத்திரண்டில்
மளிகைச் சீட்டை எழுதியது யார், பூனையா?"

ஒர்த்தென்சியா எல்லாப் பழியையும்
ஸ்பானிய மொழியில் குரல் கொடுத்தவர்கள்மேல் போடுகிறாள்.
துருக்கியில் அவர்கள் வேறு ஏதோ சொல்லியிருப்பார்கள்,
உதடு மூடிய பிறகும் குரல் வருகிறதே, கவனித்தீர்களா,
அந்த மிச்சத்தில்தான் கதை இருக்கிறது.

பிறகு அடுத்த வழக்கு.
ஏழு ஆண்டு சிறை. வெளியே வந்த இரவே
நடந்து நடந்து நெவ்ராவின் தெருவுக்கு வருகிறான்.
கை கதவுவரை போகிறது.
வயலின் அழுகிறது.
திரும்பிப் போய்விடுகிறான்.
ஏன்?

கோழை, என்றாள் எலியானா.
கர்வம், என்றது பெல்ட்டின் மறுபக்கம்.
இன்னும் எண்பது பாகம் ஓட்ட வேண்டாமா, என்றாள் யாஸ்னா,
அவன் தட்டிவிட்டால் சோப்பு விளம்பரக்காரன் பிழைப்பது எப்படி?

மிர்தா பேச மாட்டாள். நான்கு வருஷத்தில்
அவள் என்னிடம் சொன்னது எண்கள் மட்டும்.
கத்தியை நிறுத்தாமலே சொன்னாள்:
"ஜன்னல் வழியாக மேசை தெரிந்தது.
இரண்டு கோப்பை இருந்தது.
இரண்டிலும் ஆவி."

பெல்ட்டின் இரைச்சல் மட்டும்.
"அதையெல்லாம் காட்டவில்லையே" என்று தொடங்கிய எலியானாவை
ஒர்த்தென்சியா முழங்கையால் இடித்தாள்.
எவரும் பேசாத அந்த ஒரு மணி நேரத்தில்
பதினெட்டு கிலோ கூடுதல்.
எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மறுநாள், தட்டைத் தராசில் வைக்கும்போது
யாஸ்னா என் பக்கம் குனிந்தாள்.
இரவு அந்த இடத்தைப் பதினோரு தடவை
நிறுத்தி நிறுத்திப் பார்த்தாளாம்,
மகன் தூங்கிய பிறகு, போனில், போர்வைக்குள்.
ஜன்னலில் திரைச்சீலை இழுத்திருந்தது.
மேசையே இல்லை.
"பன்னிரண்டு முந்நூறு, எழுதிக்கொள்," என்றாள் உரக்க.

தன் இடத்துக்குப் போனாள்.
கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு
யாரும் கேட்காமலே சொன்னாள்:
"நானும் பார்த்தேன். இரண்டு கோப்பை. ஒன்று நீலம்."

மிர்தா நிமிரவில்லை.
அவள் கத்தி மட்டும் ஒரு சிப்பியில்
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது.

"நீலமா?" என்றாள் எலியானா. "அப்படிப் பார்த்தால்
கோட்டும் இரண்டு இருந்திருக்கலாம்தானே?"

"அது வேறு," என்றாள் யாஸ்னா.
"கோட்டு எரிந்தது. பொத்தானைப் பார்த்தேன்."