ஆயிரம் அடி

ட்ரென்டன் நகர அலுவலகத்தில்
என் வேலை வட்டம் போடுவது.
பள்ளிக்கூட வேலி ஒவ்வொன்றிலிருந்தும்
ஆயிரம் அடி.
உள்ளே சரக்கோடு பிடிபட்டால் மூன்று வருஷம்.
நீதிபதியே இரங்கினாலும் குறையாது.
பிள்ளைகளைக் காக்க வந்த சட்டம்.
நல்லதுதானே என்று நானும்
கவராயத்தில் பென்சில் செருகினேன்.

முதல் ஏழு வட்டங்கள் அழகாக இருந்தன.
பதினைந்துக்குப் பிறகு
ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கின,
தூறல் விழுந்த குட்டைபோல.
முப்பத்தெட்டாவதை முடித்து நிமிர்ந்தால்
நகரமே சிவப்பு.

நெடுஞ்சாலைக்கு அப்பால், நாங்கள் குடியிருக்கும் பக்கம்,
ஒரே பள்ளி. நாற்பது ஏக்கர் புல்வெளி நடுவில்.
அதன் வட்டத்தில் விழுந்தவை
ஒரு வாத்துக்குளம், இரண்டு குதிரை லாயம்.

டெவ்ரன் பிக்கெட் வழக்குக்கு என்னை அனுப்பினார்கள்.
இருபது வயது. சலவைக் கடை வாசல்.
ஜூலை, இரவு பதினொன்று நாற்பது.
பள்ளிக்கு விடுமுறை, கேட்டில் சங்கிலி.
பையில் இரண்டு கிராம் சொச்சம்,
மூன்று பொட்டலமாக மடித்திருந்ததால்
விற்கத்தான் என்றார்கள்.

அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனேன்,
அடிக்கு ஒரு டிக்.
நடந்தால் ஆயிரத்து நூற்றிருபது.
ஆனால் சட்டம் நடப்பதில்லை.
சுவரைத் துளைத்து, இரண்டு சமையலறை தாண்டி,
தூங்குகிற யாரோ ஒருவரின் கட்டில்மேல் ஏறி
நேர்கோட்டில் போகிறது.
தொள்ளாயிரத்து எண்பத்தொன்று.

"உறுதியாகவா?"
"அரை அடி முன்பின் இருக்கலாம், சார்."

வராந்தாவில் அவன் அம்மா வழிமறித்தாள்.
ஆஸ்பத்திரி சலவைப் பிரிவின் நீலச் சட்டை,
மார்பில் ஓனெட்டா என்று பெயர் வில்லை.
கத்துவாள் என்று நினைத்தேன்.
"அந்த வரைபடத்தைக் கொஞ்சம் விரியுங்கள்" என்றாள்.
"அவன் எங்கே நின்றிருக்க வேண்டும்?
அதை மட்டும் காட்டுங்கள்."

விரித்தேன். வரைந்தவனுக்கே தேட வேண்டியிருந்தது.
ஆற்றின் நடுப்பகுதி.
சரக்கு ரயில் நிற்கும் தண்டவாளங்கள்.
அப்புறம், கல்லறைத் தோட்டத்தின்
தென்கிழக்கு மூலை.

அவள் அந்த மூலையில் விரல் வைத்தாள்.
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

அக்டோபரில் கான்ராட் படிக்கும் கல்லூரியிலிருந்து கடிதம்.
என் மகன். விடுதி அறை,
இருபத்தாறு கிராம், சின்னத் தராசு,
ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் ஒட்டி விலைப்பட்டியல்.
'வளரும் வயதின் தடுமாற்றம்' என்று எழுதியிருந்தார் டீன்.
ஆறு முறை ஆலோசகரைப் பார்க்க வேண்டும்,
இரண்டு பக்கத்தில் ஒரு கட்டுரை தர வேண்டும்.
கட்டுரையின் எழுத்துப்பிழைகளை
நான்தான் திருத்திக் கொடுத்தேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
காரின் டிக்கியில் சக்கரம் கிடந்தது.
அவன் விடுதி வாசலில் தொடங்கி
பக்கத்துப் பள்ளியைத் தேடி உருட்டினேன்.
மேப்பிள் இலைகள்மேல் டிக், டிக்.
நாலாயிரத்தைத் தாண்டியதும் எண்ணம் தவறிவிட்டது.
ரோந்து கார் ஒன்று மெதுவாக ஒதுங்கியது.
கண்ணாடி இறங்கியது.
நள்ளிரவு, கையில் இரும்புத் தடி, வெள்ளை முகம்.
"எதையாவது தொலைத்துவிட்டீர்களா, சார்?"
"தூரம் பார்க்கிறேன்."
"குளிர் ஏறுகிறது. பார்த்துப் போங்கள்."
என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

பள்ளி கண்ணில் படவே இல்லை. திரும்பிவிட்டேன்.

வேலையை விட்டேன் என்று சொல்ல ஆசைதான்.
பென்ஷனுக்கு ஒன்பது வருஷம் இருந்தது.
அடுத்த வசந்தத்தில் கல்லறைச் சுவரையொட்டி
மழலையர் பள்ளி ஒன்று திறந்தார்கள்.
சறுக்குமரம், மஞ்சள் வேலி.
கவராயத்தை ஊன்றினேன்.
அவள் விரல் வைத்த இடத்தில்
காகிதம் லேசாக எண்ணெய் படிந்திருந்தது.
மசி அங்கே மட்டும் ஒட்டவில்லை.
இரண்டு முறை
இழுக்க வேண்டியிருந்தது.