எட்டாவது கம்பம்

துலூத் நகரில் குளிர் மண்ணுக்குள் ஐந்தடி இறங்கும்.
எனக்குத் தெரியும். இருந்தும்
மூன்றடி போதும் என்றேன் டெல்ஃபின் சாதரிடம்.
விளக்குக் கம்பம்தானே,
வீட்டையா தாங்கப்போகிறது?
அக்டோபர் கடைசி. கையுறைக்குள் விரல் மரத்துப்போய்,
இன்னும் இரண்டு வீட்டு வேலை லாரியில் பாக்கி.

ஏழு தேவதாருக் கம்பங்கள்,
நாலங்குலச் சதுரம், இடுப்புயரம்,
ஏரிக்கு இறங்கும் படிகளின் இடப்பக்கம்.
நூல் பிடித்து நட்டேன்.
மட்டப்பலகையின் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை
ஒவ்வொன்றையும் தோளால் அணைத்துப் பிடித்திருந்தேன்.
ஒரு குழியின் வாயில் மட்டும்
கான்கிரீட் வழிந்து காளானாய் விரிந்தது.
செதுக்கியிருக்க வேண்டும்.
மண்ணைத் தள்ளி மூடினேன்.
மூடிவிட்டால் யார் பார்க்கப்போகிறார்கள்?

குளிர் பார்த்தது.

ஜனவரி முழுக்க
அந்தக் காளான் விளிம்பை அடியிலிருந்து பற்றி
நெம்பியிருக்கிறது ஈரமண்,
வாரத்துக்கு இரண்டு நூல், மூன்று நூல்,
ஆணி பிடுங்குகிறவனின் பொறுமையோடு.

ஏப்ரல் கடைசியில் அழைப்பு வந்தது:
"மேவிஸ், உன் ஐந்தாவது கம்பம் எழுந்து நிற்கிறது."
போனேன்.
அரைச் சாண் உயர்ந்து,
குடித்தவன் மாதிரி வடக்கே சாய்ந்து,
படியில் விழவேண்டிய வெளிச்சத்தை
வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுப் பின்வாசலில்
கொட்டிக்கொண்டிருந்தது.
மற்ற ஆறும் நேர். அதுதான் எரிச்சல்.
எல்லாமே சாய்ந்திருந்தால் பழியை மண்மேல் போடலாம்.

மண்வெட்டியை இறக்குமுன்
வேலிக்கு மேல் ஒரு கம்பளித் தொப்பி.
ரைமோ நியேமி. தாதுக்கப்பல் துறையில் இரவு ஷிப்ட்.
திட்டுமுன் முந்திக்கொண்டேன்:
"கண்ணைக் குத்தியிருக்கும், மன்னியுங்கள்,
இன்றைக்கே சரிசெய்துவிடுகிறேன்."
"அதை வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன்."

மூன்று மணிக்கு வீடு திரும்புகையில்
பிப்ரவரியிலிருந்து பூட்டின் துவாரம் தெரிகிறதாம்.
அதற்குமுன் பதினோரு வருஷம்
கட்டைவிரலால் தடவித்தான் திறந்தாராம்.
"நீங்களே ஒரு பல்பு மாட்டியிருக்கலாமே?"
"மாட்டியிருக்கலாம்," என்றார்.
அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

டெல்ஃபின் படியிலிருந்து குரல் கொடுத்தார்:
"நாலுக்கும் ஆறுக்கும் நடுவே கும்மிருட்டு.
இந்த முழங்கால் போன வருஷம்தான் மாற்றினது."

வேலிக்கு இப்பக்கம் ஒரு நியாயம், அப்பக்கம் ஒரு நியாயம்.
நடுவே என் சோம்பல், அரைச் சாண் உயரத்தில்.

ஐந்தாவதைப் பிடுங்கினேன்.
கடைவாய்ப்பல் மாதிரி வேரோடு வந்தது.
தோண்டினேன். செம்மண் களி. நாலடியில்
இன்னும் கொஞ்சம் ஜனவரி மிச்சமிருந்தது;
கடப்பாரையால் உடைத்தேன்.
ஐந்தடி தொட்டதும் சரளை, கம்பம்,
சுற்றிலும் மறுபடி சரளை, இடித்து இடித்து.
கான்கிரீட் ஒரு கரண்டிகூட இல்லை.

மிஞ்சிய துண்டு ஒன்று லாரியில் கிடந்தது.
அதை ரைமோவின் பக்கம் நட்டேன், முழங்கால் உயரத்தில்.
பன்னிரண்டு வோல்ட் ஒயர் வேலிக்கடியில் எல்லை தாண்டுகிறது.
நகராட்சி கேட்டால் எனக்கு ஞாபகமில்லை.
"மாசம் ஒரு காப்பிக் காசு ஆகுமா இதற்கு?" என்றார் டெல்ஃபின்,
ரைமோவைப் பார்க்காமல், வேலியைப் பார்த்து.
பில்லில் எட்டாவதை எழுதினேன்,
விலைக்கு யோசித்தேன்,
அடித்தேன்.

குறிவைக்க இருட்டும்வரை காத்திருந்தோம்.
ரைமோ வாசலில் நின்று
சாவியை நுழைப்பதும் எடுப்பதுமாக:
"இன்னும் இடப்பக்கம். இன்னும்.
ஐயோ, கூடிப்போச்சு. திரும்பி வா.
அங்கேதான். அங்கேதான் இருந்தது."

கம்பத்தை அப்படியே பிடித்துக்கொண்டு
காலால் சரளையைத் தள்ளி மிதித்தேன்,
குளிர் வைத்திருந்த அதே சாய்வில்.
மட்டப்பலகை லாரியில் கிடந்தது.
எடுக்கப் போகவில்லை.