விடாத பேச்சு

முதலில் திருடன் என்று நினைத்தேன்.
திருடனுக்கு இவ்வளவு நிதானம் இருக்காது.
இரவு ஒன்றே காலுக்குச்
சமையலறைக்கு மேலிருந்து கிளம்பி
என் கட்டிலுக்கு நேரே சற்று நின்று
எதையோ மறந்துவிட்டாற்போல் திரும்பிப் போகும்.

காக்ஸ் டவுனில் ஓட்டு வீடு.
ஓட்டுக்கும் என் தலைக்கும் நடுவே
பலகை அடித்து மூடிய இருட்டு.
அது வாடகையில் சேர்த்தியில்லை என்றார்
முன்போர்ஷன் டோரிஸ் மிஸ்.
எலிதான், பிஸ்கட்டில் மருந்து வை என்றும் சொன்னார்.
வாங்கிய பொட்டலம் இரண்டு நாள்
ஃப்ரிட்ஜ் மேலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் வாசம் வந்தது,
சீரகச் சம்பா கொதிக்கிற வாசம்.
அன்று நான் உலையே வைக்கவில்லை,
தெருமுனையில் செட் தோசை.
நாற்காலிமேல் முக்காலி போட்டு ஏறிப்
பலகையை நகர்த்தி டார்ச் அடித்தேன்.
எரியும் இரண்டு கண்கள்.
அவற்றின் அடியில்
இன்னும் கண் திறக்காத மூன்று.

மரநாய், என்றான் யோகானந்த்.
பகலில் வங்கிக்குக் கடன் வசூல்,
இரவில் பாம்பும் ஆந்தையும் பிடிப்பவன்.
"நாயுமில்ல, ஊருக்குப் புதுசுமில்ல.
குட்டி இருக்கு, பிடிக்கக் கூடாது.
மேல ஒரு லைட் வை, மனுஷக் குரல் வை.
பாட்டு வேணாம், பழகிடும்.
பேச்சு வேணும், விடாத பேச்சு.
தாயே தூக்கிட்டுப் போயிடும்.
அதுக்கு முன்னாடி ஓட்டையை அடைச்சே,
மூணு உள்ள சாகும், ஒண்ணு வெளிய பைத்தியமாகும்."

விடாத பேச்சுக்கு எங்கே போவேன், தனியாள்.
ஊருக்குப் பேசினாலே நாலு நிமிஷம்.
என்னிடம் இருந்ததெல்லாம்
அலுவலகக் கூட்டங்களின் ஒலிப்பதிவு,
பதினான்கு மணி நேரம்.
மினிட்ஸ் எழுதுவது என் வேலை.
பழைய போனில் ஏற்றி
சார்ஜர் வயரை இடுக்கில் விட்டு
மேலே வைத்தேன்.

அன்றிரவு என் கூரைக்குள்
காலாண்டு வருவாய் விவாதிக்கப்பட்டது.
முப்பத்தெட்டு ஸ்லைடுகளை விளக்கினார் சத்பதி சார்
ஒரு தாய்க்கும் மூன்று குட்டிகளுக்கும்.
அவள் நகரவில்லை.
நான்தான் புரண்டுகொண்டிருந்தேன்.

நடுநடுவே ஒரு குரல்,
மூக்கடைத்த, முந்திக்கொள்கிற குரல்,
"சரி சார்" என்றது.
"கண்டிப்பா சார்."
"தப்பு என்மேலதான் சார்."
அந்த மார்ச்சில் தப்பு என்மேல் இல்லை.
எனக்குத் தெரியும், சத்பதிக்குத் தெரியும்,
இப்போது மரநாய்க்கும் தெரியும்.
பதினேழு வரை எண்ணினேன்.
தலையணையோடு கூடத்துக்குப் போனேன்,
அங்கேயும் கேட்டது.
மூன்று மணிக்குக் கதவைத் திறந்து
செருப்பில்லாமல் கேட்டருகே போய் நின்றேன்.
வீட்டைவிட்டு முதலில் வெளியேறியது நான்.

ஓட்டு விளிம்பில் ஒரு நீளம் அசைந்தது.
வாயில் ஒன்று,
கைகால் மடக்கி, மறுபேச்சில்லாமல் தொங்கிக்கொண்டு.
ஓடு, கேபிள் வயர், மிஸ் வீட்டுச் சப்போட்டா,
அதற்கப்பால் சர்ச் காம்பவுண்ட்.
திரும்பி வந்தாள்.
என்னைப் பார்த்தாள், பொருட்படுத்தவில்லை.
இரண்டாவது.
மூன்றாவதற்கு அவள் வந்தபோது
"யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார் சத்பதி.
பதிவில் வழக்கமான நிசப்தம்.
அதற்குள் நுழைந்து
தன்னுடையதை எடுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை கொத்தனார் செல்லத்துரை
ஓட்டையை அடைத்து அறுநூறு வாங்கினார்.
மேலேயிருந்து எடுத்துக் கொடுத்தவை:
ஒரு கை சப்போட்டா விதை,
யார் வீட்டுக் குழந்தையினுடையதோ ஒற்றைச் சாக்ஸ்,
உரோமம் ஒட்டிய போன்.
அதன் ஒலித்துளைகளில் இன்னும் சோறு மணக்கிறது.
பிரிக்காத எலி மருந்தைக்
கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டாராம்.

திங்கட்கிழமை கூட்டம்.
பதிவை ஓடவிட்டு உட்கார்ந்தேன்.
பாதியில் என் பெயர் வந்தது,
எல்லாரும் திரும்பினார்கள்.
வாயைத் திறக்குமுன் அண்ணாந்து பார்த்தேன்.
வரிசையாய் வெள்ளைப் பலகைகள்,
ஒன்று மட்டும் சற்று விலகி.