மறுபடி நிகழ்த்தும் வழி

நீடாமங்கலம், மூணாறு தலைப்பு.
இரவு ஒன்று இருபது.
வெண்ணாற்று அளவுகோலில் நாலடி இரண்டங்குலம்
என்று நோட்டில் எழுதிவிட்டு
மடிக்கணினியைத் திறந்தேன்.
பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது.
விண்டோஸ் செத்து ஆறு வருஷம் ஆகிறது.
லினக்ஸில்தான் மூச்சு ஓடுகிறது,
இரண்டு விசைகள் குறைவாக.

விளையாட்டில் ஒரு நதி, ஐந்து அரசுகள்,
ஆளுக்கு ஒரு முறை.
முறை என்றால் எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.
ஆறு நாள் அந்த ஆறு, ஆறு நாள் இந்த ஆறு,
சம்பளமே அதற்குத்தான்.

நூற்றுப் பதிமூன்றாவது முறையில்
மூடுபனி விலகும்போது
நதி கறுத்துவிடுகிறது.
மூலையில் உள்ள சின்ன வரைபடத்தில் நீலம்,
பெரிய திரையில் தார் ரோடு.

யிர்காவுக்கு எழுதினேன். விளையாட்டைச் செய்தவர்.
எந்த ஊரோ, அங்கே அப்போது சாயங்காலமாம்.

"ஒன்று: இணைத்துள்ள சேமிப்பைத் திறக்கவும்.
இரண்டு: திரையை நூற்றிருபத்தைந்து சதவீதத்துக்குப் பெரிதாக்கவும்.
(என் கண்ணாடி பவர் மூன்று.)
மூன்று: ஆற்றோரம் ஏதாவது வயலைத் தொடவும்.
எதிர்பார்த்தது: தொட்ட வயல்.
நடந்தது: அதற்கு மேற்கே உள்ள வயல்.
நேற்று என் குதிரைப்படை இப்படித்தான்
நட்பு நாட்டுக்குள் புகுந்தது.
எங்கள் பக்கம் வரப்பு ஒரு சாண் நகர்ந்தால்
முன்சீப் கோர்ட்டில் பதினெட்டு வருஷம்."

கடைசி இரண்டு வரியை அழித்துவிட்டு அனுப்பினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது:
என் கணினியில் சரியாகத் தெரிகிறது.

கோபம் வந்தது.
பிறகு, இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது.

ஆடிப்பெருக்கு கழிந்த வாரம்
தில்லைவிளாகத்திலிருந்து கோதண்டபாணி என்று ஒருவர்
போன் செய்திருந்தார். நாத்தங்கால் வெடிக்குது, தண்ணி வரல.
எட்டிப் பார்த்தேன். ஷட்டர் திறந்துதான் இருந்தது.
"இங்க நாலடி போகுதுங்களே" என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அங்க போகுதும்மா" என்றார்.
வைத்துவிட்டார்.

யிர்காவுக்கு ஆதாரம் வேண்டும்.
திரைப்பிடிப்பு எடுத்தால் நதி நீலமாகவே விழுகிறது.
கணினிக்குத் தன் நோய் தெரியவில்லை.
கைப்பேசியால் திரையையே படம் எடுத்தேன்.
கறுத்த நதி, அதன் மேல் டியூப்லைட்,
டியூப்லைட் பக்கத்தில் பல்லி,
நடுவில் என் மூக்கு.
டிரைவர் பதிப்பு, கர்னல் எண்,
வேலண்டில் வரும், பழைய எக்ஸில் வராது,
எல்லாம் எழுதி அனுப்பினேன்.

அந்தச் சூட்டோடு கோதண்டபாணியின் எண்ணைத் தேடினேன்.
விடிந்ததும் அழைத்தேன்.
எந்த வாய்க்கால், எந்த மதகு வரை ஈரம்,
என்னிக்கிலேர்ந்து?
"புரட்டாசி பொறந்தாச்சு, இப்ப கேக்குற" என்றார்.
ஆனாலும் மத்தியானம் படம் வந்தது.
பாலத்துக் கண்ணில் ஆகாயத்தாமரை,
அடைத்துக்கொண்டு, பூவோடு.
பிரிவு அலுவலருக்கு அனுப்பினேன்.
பொக்லைன் போனது என்றார்கள்.
போகாமலும் இருந்திருக்கலாம்.
கோதண்டபாணி அப்புறம் அழைக்கவில்லை.

கார்த்திகை அடைமழையில்
புதுப் பதிப்பு வந்தது.
சிக்னல் விட்டு விட்டு, இறங்கி முடிக்க ஒரு ராத்திரி.
நதி நீலம். தொட்டது தொட்ட வயலே.
யிர்கா நன்றிப் பட்டியலில் என் பெயரைச் சேர்த்திருக்கிறார்,
செங்கமலம், ஓர் எழுத்துப் பிழையோடு.

ஆனால் இப்போது கப்பல்கள் கரையேறி
நெல்லுக்குள் ஓடுகின்றன.

எழுத உட்கார்ந்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
நடந்தது: மேலே சொன்னபடி.
எதிர்பார்த்தது என்று அடித்து
ஜன்னல் பக்கம் பார்த்தேன்.
அளவுகோலின் கடைசி எண்ணும் தண்ணீருக்குள்.
அக்கரையில் யாரோ வாழைமரத் தெப்பத்தில்
ஆட்டுக்குட்டியோடு போய்க்கொண்டிருந்தார்கள்,
நேற்றுவரை சம்பா நின்ற இடத்தில்.

அந்த வரியைக் காலியாக விட்டேன்.
அவசரம்: குறைவு
என்று குறித்து அனுப்பினேன்.