மூன்று நாள் சீட்டு

போர்ட் லூயி, காலை ஒன்பது.
சீட்டுக் கூண்டுக்கு எதிரே நின்று
வரைபடத்தின் ஓரத்தில் கணக்குப் போடுகிறேன்.

மெட்ரோவுக்கு ஒரு அட்டை; அது பஸ்ஸில் செல்லாதாம்.
பஸ்ஸில் நடத்துநர் கிழித்துத் தரும் தாள்
எதிலும் செல்லாது, வியர்வையில் ஊறிவிடும்.
அருங்காட்சியகச் சீட்டோ மூன்று நாளுக்கு:
நாலு இடம் பார்த்தால் லாபம்,
இரண்டோடு கால் கெஞ்சினால் நட்டம்.
என் காலை எனக்குத் தெரியும்.

கூண்டுக்குள் இருப்பவள் சட்டையில் பெயர்:
மாரிலின் செல்லப்பேன்.
செல்லப்பன்தான்.
கடல் தாண்டுகையில் எப்படியோ
கொம்பு முளைத்துவிட்டது.

"எது வாங்கினால் நல்லது?" என்றேன்
தமிழில், ஒரு ஆசைக்கு.
"எத்ரான்சே?" என்றாள்.
உள்ளூராருக்கு மேல்வரி,
வெளியாருக்குக் கீழ்வரி, இரட்டிப்பு.
கீழ்வரியைத் தொட்டுக் காட்டினேன்.
மீதி தந்தாள். அவள் பேசாத தமிழ்
அந்த ரூபாய்த் தாளில் அச்சாகியிருந்தது,
எண்கூடத் தமிழ் எண்.

இரண்டாவது அருங்காட்சியகம். கண்ணாடிக்குள்
இன்னொரு சீட்டு.
பழுப்பேறியது, படம் ஒட்டியது.
கரும்புத் தோட்டத்து ஆள்,
பெயர் பாதி கரைந்திருக்கிறது.
இது கையில் இல்லாமல்
அடுத்த மாவட்டத்தில் கால் வைத்தால்
சிறை என்கிறது குறிப்பு.

எத்தனை நாள் செல்லும் என்று
போடவில்லை.

வெளியே வந்தேன்.
கால் கெஞ்சத் தொடங்கியிருந்தது.
இன்னும் இரண்டு இடம் பாக்கி.
நட்டம் எவ்வளவென்று கூட்டாமல்
ரோஸ் ஹில் பஸ்ஸில் ஏறி,
சில்லறை கொடுத்து,
நடத்துநர் கிழித்த தாளை
இறங்கும்வரை
விரலிடுக்கில் வைத்திருந்தேன்.