பன்னிரண்டு முட்டை

பாரத்தில் பன்னிரண்டு கட்டம்,
அடையாள அட்டை எண்ணுக்கு.
நிசாந்தினிக்கு ஓர் இலக்கமும் இல்லை.

கோயிலில் தாலி கட்டினான் லெட்சுமணன்.
சரி, பதிவு?
பதியப் போகவேண்டிய திங்களன்று
செம்பனை லோரி பள்ளத்தில் சரிந்தது.
பிறகு காசில்லை. பிறகு
சுமார்னியின் பெர்மிட் முடிந்தது.
பிறகு பிள்ளை.

தாய் எந்த நாடோ பிள்ளையும் அந்த நாடு
என்றார்கள் முகப்பில்.
அந்த நாட்டுக்கோ
இப்படி ஒருத்தி பிறந்த சேதியே போகவில்லை.

நான் ஈஜோக் தமிழ்ப்பள்ளியின் கிராணி.
சட்டம் பேசுகிற ஆளில்லை.
அப்பன் இந்நாட்டுக்காரன் என்றால் சேர்க்கலாம்,
சுற்றறிக்கை ஒன்று கோப்பில் கிடந்தது.
தலைமையாசிரியர் மேசையில் விரித்து வைத்தேன்,
மேலே அவருடைய மூக்குக்கண்ணாடியையும்.

கணினி வெறுங்கட்டத்தை விழுங்காது.
பன்னிரண்டு சுழியம் தட்டினேன்.
"எல்லாம் முட்டை!"
எட்டிப் பார்த்துச் சிரித்தது பிள்ளை.

அவசரத்துக்கு யாரை அழைக்க?
மற்ற தாய்மார் ஒரு பெயரோடு எழுந்துவிடுவார்கள்.
சுமார்னி வரிசையே வைத்திருந்தாள்.
முதலில் லெட்சுமணன்,
லோரி ஓட்டும்போது எடுக்கமாட்டான்.
அடுத்து மளிகைக்கடை ஆ மூய், சாவி அவளிடம்;
அரிசி மூட்டைக்குப் பின்னால் பிஸ்கட் டின்,
அதில் கோயில் கல்யாண ரசீது, கிளினிக் புத்தகம்,
நானூறு வெள்ளி.
மூன்று, பக்கத்து வீட்டுப் பொன்னுருவி.
நான்கு, கோயில் செயலாளர்.
பிறகு, மேசை விளிம்பை விரலால் தேய்த்தபடி,
"அஞ்சாவதா உங்களப் போடவா?"

மாட்டேன் என்பதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன.
பேனா அதற்குள் எழுதிவிட்டது.

பிள்ளைக்கும் மனப்பாடம்:
வெள்ளை வேன் கண்டால் வீட்டுக்கு ஓடாதே.
பள்ளிக்குள்ளேயே இரு.
பேர் கேட்டால் சொல்.
அம்மா எங்கே என்றால்
அப்பா பேரைச் சொல்.

புதன்கிழமை, பதினொன்றரை இருக்கும்,
உரக் கொட்டகைப் பக்கம் நாய்கள் குரைத்தன.
ஒன்றேகாலுக்குப் பள்ளி விட்டது.
பஸ் போனது. மோட்டார்கள் போயின.
நிசாந்தினி என் அறை வாங்கில்
பையைத் தோளிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

லெட்சுமணன்: மணி போய்க்கொண்டே இருந்தது.
ஆ மூய் எடுக்கவில்லை.
பொன்னுருவியின் போன் அடைத்திருந்தது.
செயலாளர் கூட்டத்தில், அப்புறம் கூப்பிடுங்கள்.
பட்டியலைப் பிடித்த விரல்
அடுத்த எண்ணையும் அழுத்திவிட்டது.

கைப்பைக்குள் ஏதோ அதிர்ந்தது.
"டீச்சர்," என்றாள்,
"உங்க போன்."