லிஃப்ட் ரோசாக்

அண்ணன் படுக்கையில் கிடந்த ஏழு மாதமும்
ஒரு நீல நோட்டில் மிஸி எழுதி வைத்தாள்:
வந்த நேரம், வலி பத்துக்கு எத்தனை,
மார்ஃபின் எத்தனை மில்லி, வயிறு போனதா.
சில நாள், ஓரத்தில், பொடி எழுத்தில்:
லிஃப்ட் ரோசாக்.

கருமாதி முடிந்து
பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு
எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது ரோசாக்.
பதினேழாம் மாடிக்குப் பத்தொன்பது தடவை
ரோஹானா மிஸி, வயது ஐம்பத்து மூன்று,
தோளில் மருந்துப் பை,
வியர்வையில் தாடையோடு ஒட்டிய தூடோங்.
வாசலில் நின்று மூச்சை ஆற்றிக்கொண்டுதான்
மணி அடிப்பாள்.
நோயாளி முன்னால் இரைக்கக் கூடாதாம்.

நான் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன்.
கர்னி கடலோர ஓட்டல்களில்
நான் தொட்ட பெட்டிகள் சத்தமில்லாமல் ஏறும்.
சுங்கை பினாங்கில் எங்கள் டி புளோக்
வேறு கம்பெனி கான்டிராக்ட்;
பேனலைத் திறந்தால் என் வேலை போகும்.
(சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது இந்தக் காரணம்.)

ஆகவே ஒரு ஞாயிறு.
பத்தொன்பது தடவை.
நாலாயிரத்து எண்ணூற்று அறுபத்து நாலு படி;
கூட்டினால் கொடிமலைக்குக் கொஞ்சம் குறைவு.
கோப்பிக் கடை ஆ ஹூட்
ஏற்றத்துக்கு ஐந்து வெள்ளி என்றார்,
"செத்துகித்துப் போய்டாதே" என்று தமிழிலேயே.
மீன்கடை ஜைனல் முன்பணமாகவே இருநூறு:
"நீ முடிக்கமாட்டே, அப்புறம் கேக்க வெக்கப்படுவே."
எல்லாம் ஹாஸ்பிஸ் ரசீதுப் புத்தகத்தில்,
கார்பன் தாள் வைத்து.

அன்றைக்கென்று பார்த்து லிஃப்ட் ஓடியது.
பிள்ளைகள் அதில் எனக்கு முன்னால் போய்
மாடிக்கு மாடி கதவு திறந்து கைதட்டினார்கள்.
ஐந்து வரை பேசிக்கொண்டே ஏறினேன்.
எட்டில் முழங்கால் தன் பெயரைச் சொன்னது.
பதினொன்றில் அண்ணன் நினைவு வரும் என்றிருந்தேன்.
வந்தது
யார் வீட்டிலோ வதங்கும் நெத்திலி சம்பல்.
அழுவதற்கும் மூச்சு வேண்டும்.

பதிமூன்றாவது ஏற்றம், ஒன்பதாம் மாடி.
கம்பிக்கதவுக்குப் பின்னால் ஒரு பெண்,
இத்தனை வருடத்தில் பார்த்ததே இல்லை.
தண்ணீர் தருவாள், இல்லை பணம் தருவாள் என்று நின்றேன்.
"அந்த மிஸி நம்பர் இருக்கா?"
குரலைத் தணித்து, பாதி உள்ளே திரும்பி.
உள்ளே யாரோ இருமினார்கள்.
அந்த இருமலை எனக்குத் தெரியும்.

வியர்த்த விரலுக்குத் திரை பிடிகொடுக்கவில்லை;
மனப்பாடமான எண்ணை
இரண்டு முறை தப்பாகச் சொன்னேன்.
மிச்ச ஆறு ஏற்றத்திலும்
ஒன்பது வந்தால் பாதத்தை மெதுவாக வைத்தேன்.

ராத்திரி எட்டு மணி.
இரண்டாயிரத்து எழுநூற்று அறுபது வெள்ளி.
ஆ ஹூட்டிடம் பாக்கி வாங்க
அன்று முதல் தடவையாக லிஃப்டில் இறங்கினேன்.
பன்னிரண்டைத் தாண்டும்போது கேட்டது,
பிரேக் ஷூவின் உலர்ந்த உரசல்.
நாலு நாள் தாங்கும். மிஞ்சினால் ஐந்து.
கைபேசியில் மிஸியின் செய்தி:
வியாழன் வருகிறேன், ஒன்பதாம் மாடிக்கு.

அந்தக் கம்பெனி சத்தியவாணனைக் கூப்பிட்டேன்.
"ஞாயித்துக்கிழமைப்பா" என்றான்.
"புதனுக்குள்ள" என்றேன்.
புகார் எண் கேட்டான்.
பின்பையில் நாளெல்லாம் நனைந்திருந்த
நீல நோட்டை எடுத்து
முதல் தேதியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.